ஒரு டவுட்டு: லட்சம் வருஷத்துக்கு யார் கேரன்டி?

பாடி மேம்பாலம் கீழே ஷேர் ஆட்டோவுக்கு நின்றபோது பக்கத்து வீட்டு அண்ணன் கேட்டார்: "அணுக்கழிவை ஆழமா புதைச்சிட்டா பிரச்னை முடிஞ்சுதுதானேம்மா?" அதற்குள் ஆட்டோ வந்துவிட்டது. பதில் இங்கே.

இந்தியாவில் உயர் கதிர்வீச்சுக் கழிவை இன்னும் அப்படிப் புதைக்கவில்லை. கண்ணாடியோடு உருக்கி, எஃகுக் கலத்தில் அடைத்து, கண்காணிப்பில் வைக்கிறார்கள். ஆனால், ஒத்திகை நடந்திருக்கிறது, அதுவும் தமிழர்கள் நிறைந்த கோலார் தங்கவயலில்! 1980-களில், சுமார் 1,000 மீட்டர் ஆழத்தில் ஹீட்டர் வைத்து, சூட்டைப் பாறை தாங்குமா என்று பார்த்தார்கள். கழிவு எதுவும் இறக்கப்படவில்லை.

2012 நவம்பரில், கூடங்குளம் வழக்கில் மத்திய அரசு வழக்கறிஞர் உச்ச நீதிமன்றத்தில் அந்தச் சுரங்கத்தின் பெயரைச் சொல்ல, ஊரே கொதித்தது. கொதிக்காதா? 2001-ல் சுரங்கத்தை மூடியதால் வேலை போச்சு. மிச்சம், காற்றடித்தால் தூசி பறக்கும் சயனைடு மண்மேடுகள். இதில் அணுக்கழிவு வேறா? சில நாள்களிலேயே அரசு மறுத்துவிட்டது.

உண்மையில் பழைய சுரங்கம் இதற்குத் தோதும் இல்லை. பாறைக்குள் இருக்கும் கழிவு வெளியே வர முக்கியமான வழி, தண்ணீர். தோண்டித் துளைத்த இடத்தில் அதற்கு ஏகப்பட்ட பாதை. லட்சம் வருஷம் காத்திருந்து சோதிக்க முடியாதே! அதனால் கணக்குப் போடுகிறார்கள்: கலம் அரிக்க எத்தனை காலம், நீர் பாறையைக் கடக்க எத்தனை காலம், கடைசியில் மேலே கிணற்றுத் தண்ணீர் குடிப்பவருக்கு எவ்வளவு கதிர்வீச்சு? ஃபின்லாந்தின் ஒன்கலோ கிடங்கு, 400 மீட்டருக்கும் கீழே, இப்படிக் கணக்குப் பார்த்துக் கட்டியதுதான்.

கணக்கில் வராததும் நடக்கும். அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் உப்புப் பாறைக்குள் இருக்கும் கிடங்கில், 2014 பிப்ரவரியில் ஒரு டிரம் வெடித்தது. கழிவோடு தவறான ரகப் பூனை மணலைக் கலந்ததுதான் காரணம். (நிஜமாகவே பூனை மணல்!) கிட்டத்தட்ட மூன்று வருஷம் கழிவு இறக்கவில்லை.

எனக்குப் பெரிய பயம் ஞாபகத்தைப் பற்றித்தான். புளூட்டோனியம்-239 பாதியாகவே சுமார் 24,000 வருஷம் ஆகும். நம்ம பாடி திருவலிதாயம் கோயிலைச் சம்பந்தர் பாடி சுமார் 1,300 வருஷம்தான். அந்தத் தமிழுக்கே எனக்கு உரை தேவைப்படுகிறது.

இதை அண்ணனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். "அப்போ 'இங்க தோண்டாதே'ன்னு போர்டை எந்த மொழியிலம்மா எழுதுவாங்க?" என்கிறார்.