புகார் கொடுக்க ஏன் பயம்?

தமிழ்நாட்டில் லாட்டரிக்குத் தடை வந்தது 2003-இல். ஆனாலும், திண்டுக்கல் பக்கம் மூன்று நம்பர் லாட்டரி விற்றவர் கைது என்ற செய்தி நாளிதழ்களில் இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறது. கைபேசிச் சூதாட்டத்தில் அந்த ஒரு பத்திச் செய்திக்குக்கூட வழியில்லை. நாகல்நகரிலோ வேடசந்தூர் மில் பக்கமோ பணத்தைத் தொலைத்தவர் வாய் திறப்பதில்லை. வீட்டுக்குத் தெரிந்தால் மானம் போகும் என்பது பாதி. ‘விளையாடினது நீதானே’ என்று ஸ்டேஷனில் தன் மீதே கேஸ் போட்டுவிடுவார்களோ என்ற பயம் மீதி.

அந்தப் பயத்தை வெறும் கற்பனை என்று தள்ளிவிட முடியாது. ஆளுநர் திருப்பி அனுப்பி, சட்டமன்றம் மறுபடியும் நிறைவேற்றி, 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மாநிலச் சட்டம் ஆன்லைனில் சூதாடுபவருக்கே மூன்று மாதம் வரை சிறையோ 5,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ என்கிறது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்தின் போக்கு வேறு. பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டை நடத்துபவருக்கு மூன்றாண்டு வரை சிறை, ஒரு கோடி வரை அபராதம். விளம்பரம் செய்பவருக்கும் பணப் பரிமாற்றத்துக்கு உதவுபவருக்கும் தண்டனை உண்டு, ஆடியவருக்குக் கிடையாது.

இதைவிட முக்கியம், பல இடங்களில் சூதாட்டம் என்பதே வெறும் வேஷம். டெலிகிராம் குழுவில் ‘எந்தக் கலர் வரும்’ என்று ஓர் ஆட்டம். 200 ரூபாய் போட்டால் 350 வருகிறது, அது வங்கிக் கணக்குக்கும் வந்து சேருகிறது. நம்பிப் பெரிய தொகை போட்டதும் திரையில் லட்சங்கள் ஏறும். எடுக்கப் போனால், ‘முதலில் 30 சதவீத வரி கட்டுங்கள்’ என்று ஒரு யுபிஐ ஐடி வரும். ஆன்லைன் ஆட்டத்தில் ஜெயித்த பணத்துக்கு 30 சதவீத வரி என்பது உண்மையிலேயே வருமான வரிச் சட்டத்தில் உள்ளதுதான். ஆனால், அது தரும் பணத்திலேயே பிடிக்கப்படுவது, யாருக்கும் தனியாக அனுப்பும் வரி அல்ல. இப்படிக் கறப்பது பாரதிய நியாய சன்ஹிதா 318-ஆம் பிரிவின்படி மோசடி. ஏழாண்டு வரை சிறை.

பிரிவு எண்ணைவிட நேரம் பெரிது. அனுப்பிய பணம் கமிஷனுக்கு வாடகைக்கு விட்ட கணக்குகள் வழியாகச் சில மணி நேரத்தில் பிரிந்துவிடும். சைபர் மோசடிப் புகாருக்கான 1930 எண்ணை உடனே அழைத்து, யுபிஐ பரிமாற்றத்தின் 12 இலக்க எண்ணையும் தொகையையும் நேரத்தையும் சொன்னால், எந்தக் கணக்கில் மிச்சம் இருக்கிறதோ அதை முடக்க வாய்ப்புண்டு. முடக்கிய பணம் தானாகத் திரும்பாது. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 503-ஆம் பிரிவில் குற்றவியல் நடுவரிடம் மனு போட வேண்டிவரலாம். ஸ்டேஷனில் புகாரை வாங்கவில்லையா, எஸ்.பி.க்கு எழுத்தில் அனுப்பலாம். அங்கும் அசையாவிட்டால் நடுவரிடமே போகலாம். வக்கீல் செலவுக்கு அஞ்சுபவருக்கு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது: பெண்களுக்கும் பட்டியலினத்தவருக்கும் ஆலைத் தொழிலாளருக்கும் வருமானம் பாராமல் இலவச உதவி. தொலைபேசி எண் 15100.

வங்கியிடம் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். மூன்று வேலை நாளுக்குள் சொன்னால் நஷ்டம் வாடிக்கையாளருக்கு இல்லை என்ற ரிசர்வ் வங்கியின் 2017 சுற்றறிக்கை, நமக்குத் தெரியாமல் போன பணத்துக்குத்தான். நாமே பின் நம்பர் போட்டு அனுப்பியதற்கு அல்ல. மோசடி ஏதுமின்றி ஆடித் தோற்றவர் நிலை இன்னும் மோசம். பந்தய ஒப்பந்தமே செல்லாது என்கிறது 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 30-ஆம் பிரிவு. ‘போன பணத்தை மீட்டுத் தருகிறோம்’ என்று இணையத்தில் முன்பணம் கேட்பவர்களோ அடுத்த மோசடிக்காரர்கள்.

மாநில அரசு செய்ய வேண்டியது பெரிய காரியமில்லை. ஏமாந்து புகார் தருபவர் மீது ஆடிய குற்றத்துக்கு வழக்கு பாயாது என்று எழுத்தில் ஓர் உத்தரவு, அதை ஒவ்வொரு சைபர் கிரைம் ஸ்டேஷன் வாசலிலும் ஒட்டிவைப்பது. ஒரே வாடகைக் கணக்குக்குப் பத்துப் பேர் பணம் அனுப்பியிருப்பார்கள். முதல் ஆள் அன்றே புகார் கொடுத்திருந்தால், மற்ற ஒன்பது பேரின் பணம் போகும்போது அந்தக் கணக்கு மூடியிருக்கும்.