முதல் கேமரா வாங்கும் முன் வைத்திருப்பவரைக் கேளுங்கள்

கலிபோர்னியாவின் பிளசன்டனில் உயர்நிலைப் பள்ளி வயதுப் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் இப்போது புதிதாக ஒரு கோரிக்கை கேட்கிறது. பிள்ளைகளுக்குக் கேமரா வேண்டுமாம். கையில் ஆயிரம் டாலர் போன் இருக்கும்போதே, உள்ளங்கையில் அடங்கும் சின்ன டிஜிட்டல் கேமரா ஒன்று தனியாக வேண்டும் என்கிறார்கள். சனிக்கிழமை காலை மெயின் ஸ்ட்ரீட் பக்கம் உழவர் சந்தைக்குப் போனால், மணிக்கட்டில் வார் மாட்டி வெள்ளிநிறப் பெட்டி ஒன்றைத் தொங்கவிட்டபடி நடக்கும் பெண்பிள்ளைகளைப் பார்க்கலாம்.

தமிழ்ப் பள்ளி ஆண்டு விழாவிலும் நண்பர்கள் வீட்டு விசேஷங்களிலும் படம் எடுப்பவள் என்பதால் என்னிடம்தான் கேட்பார்கள். “அக்கா, பொண்ணுக்கு ஒரு கேமரா வாங்கணும். விலை ரொம்பப் போகக் கூடாது. எது நல்லாருக்கும்?” நான் மாடல் பெயர் சொல்வதில்லை. ஒரு வருடத்துக்கு மேல் அதைக் கையில் வைத்திருக்கும் யாராவது ஒருவரிடம் அனுப்பிவைப்பேன். பெட்டியைப் பிரித்த மறுநாள் எழுதும் பாராட்டில் வாங்கியவரின் சந்தோஷம் இருக்கும், கேமராவைப் பற்றி ஒன்றும் இருக்காது. ஒரு கோடை, ஒரு மழைக்காலம், ஒரு இந்தியப் பயணம் என்று எல்லாம் பார்த்த கேமராவைப் பற்றி அதன் சொந்தக்காரர் சொல்வதைத்தான் நான் நம்புகிறேன்.

பிள்ளைகளின் ஆசையைத் தற்காலிக மோகம் என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. 2010இல் உலகம் முழுதும் சுமார் 12 கோடி டிஜிட்டல் கேமராக்கள் சந்தைக்கு வந்தன. 2024இல் அது 85 லட்சம் அளவில் நின்றது. இடையில் போன் எல்லாவற்றையும் விழுங்கியது. இவ்வளவுக்குப் பிறகும் பதினாறு வயதுப் பெண் ஒருத்தி படம் எடுக்க மட்டுமே ஆன ஒரு கருவியைக் கேட்கிறாள் என்றால், அதை நாம் மதித்துக் கேட்க வேண்டும். இன்னொரு காரணமும் இருக்கிறது. கலிபோர்னியாவில் 2024 செப்டம்பரில் கையெழுத்தான சட்டப்படி, பள்ளி மாவட்டங்கள் எல்லாம் மாணவர்களின் கைபேசிப் பயன்பாட்டைக் கட்டுப்படுத்த 2026 ஜூலை 1க்குள் விதிமுறை வகுத்தாக வேண்டும். போனைப் பையில் வைக்கச் சொல்லும் காலத்தில், சுற்றுலா போகும் பிள்ளையின் கையில் கேமரா இருப்பது நல்லதுதான்.

சரி, வைத்திருப்பவர்கள் என்ன சொல்கிறார்கள்?

எங்கள் தெருவில் மகள் வீட்டுக்கு வந்து தங்கியிருக்கும் கோவில்பட்டிப் பெரியம்மாவிடம் ‘டபுள் ஏ’ பேட்டரி போடும் சின்னக் கேமரா இருக்கிறது. மருமகன் வாங்கித் தந்தது. காலை நடையில் ஓக் மரத்துப் பட்டையில் துளை போட்டுக் கொட்டை செருகி வைக்கும் மரங்கொத்திகளைத் தினமும் எடுக்கிறார். “செல்லுல எடுத்தா அதுக்குள்ள யாராவது கூப்பிட்டுருவாக தாயி. இது பாட்டுக்குச் சும்மா கிடக்கும், எடுத்தா எடுக்கும்” என்றார். சார்ஜர் தேட வேண்டாம், எந்தக் கடையிலும் பேட்டரி கிடைக்கும் என்பது அவருக்குப் பெரிய விஷயம். விளம்பரத்தில் இதை யாரும் எழுதுவதில்லை. குறையும் சொன்னார்: திரை வெயிலில் தெரிவதில்லை, குறி பார்க்கக் கண்ணாடித் துளையும் இல்லை. உத்தேசமாக அமுக்குகிறாராம்.

இங்கே ஹசியண்டா அலுவலக வளாகத்தில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் மகனுக்கு இதே ரகத்தில் ஐந்து மடங்கு ஜூம் உள்ளதை வாங்கினார். லிவர்மோர் சிவா விஷ்ணு கோயில் கோபுரத்துச் சிற்பங்களைக் கீழே நின்று ஒவ்வொன்றாக எடுத்துப் பையன் வீட்டில் காட்டியிருக்கிறான். லென்ஸே உள்ளே நகர்ந்து காட்சியைக் கிட்டே கொண்டுவருவதும், எடுத்த படத்தை வெட்டிப் பெரிதாக்குவதும் ஒன்றல்ல. இரண்டு விரலால் திரையை விரிக்கும்போது பல போன்கள் செய்வது இரண்டாவது வேலை. பகல் வெளிச்சத்தில், தொலைவில் இருப்பதை எடுக்க, நூற்று ஐம்பது டாலருக்குள் வரும் கேமரா இன்றும் பிரயோசனப்படுகிறது.

இருட்டில்தான் அது காலை வாரும். தோழியின் மகள் அரங்கேற்றத்தில், தம்பி கையில் கேமராவைக் கொடுத்து உட்கார வைத்தார்கள். மேடை விளக்கில் எடுத்த படங்கள் எல்லாம் மணல் தூவினது போல் வந்தன. சுழன்ற கைகளெல்லாம் கலங்கிப்போயின. இது அந்தப் பையன் குற்றமும் இல்லை, அந்தக் கேமராவில் மட்டும் உள்ள பழுதும் இல்லை. விலை குறைந்த கையடக்கக் கேமராக்களில் பெரும்பாலும் சென்சார் சுமார் 6 மில்லிமீட்டர் அகலமும் நாலரை மில்லிமீட்டர் உயரமும்தான். கேனனின் தொடக்கநிலை லென்ஸ் மாற்றும் கேமராக்களில் அது 22க்கு 15 அளவில் இருக்கிறது. பரப்பில் ஏறத்தாழ 12 மடங்கு. வெளிச்சத்தை வாங்கும் இடமே அவ்வளவு சிறிது என்றால் அரையிருட்டில் என்ன செய்யும்? நல்ல போன்களின் முதன்மைக் கேமராவில்கூட இந்தக் கையடக்கக் கேமராக்களில் இருப்பதைவிடப் பெரிய சென்சார் வந்துவிட்டது. வீட்டுக்குள் பிறந்தநாள் கேக் வெட்டும்போது மட்டும் கையடக்கக் கேமராவின் பிளாஷ் கைகொடுக்கும். போனில் எரிவது சின்ன எல்இடி விளக்கு. கேமராவில் பளிச்சென்று வெடிக்கும் செனான் பிளாஷ் ஓடும் குழந்தையையும் அப்படியே நிறுத்திவிடும். பிள்ளைகள் தேடும் அந்தப் பழைய காலப் பளபளப்பு இதிலிருந்துதான் வருகிறது.

கடைகளில் ‘48 மெகாபிக்சல்’, ‘64 மெகாபிக்சல்’ என்று கொட்டை எழுத்தில் போட்டு, கேள்விப்படாத பெயர்களில் வரும் கேமராக்களைப் பற்றி இங்கே கோபத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது. பலவற்றில் உள்ளே இருப்பது அந்த எண்ணைவிட மிகக் குறைந்த புள்ளிகள் உள்ள சென்சாராக இருக்கும். மீதியை மென்பொருள் ஊகித்து நிரப்பும். ‘16 மடங்கு ஜூம்’ என்பது வெறும் டிஜிட்டல் ஜூம், அதாவது வெட்டிப் பெரிதாக்குவது. லென்ஸ் அசையவே அசையாது. இவற்றுக்கு ஐந்து நட்சத்திரம் குவிந்திருக்கும். போலி விமர்சனங்களை விற்பதையும் வாங்குவதையும் தடைசெய்யும் விதியை அமெரிக்கக் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் கொண்டுவந்து, 2024 அக்டோபர் 21 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. ஒரு அரசாங்கம் விதி போட்டுத் தடுக்கும் அளவுக்கு அந்தத் தொழில் வளர்ந்திருக்கிறது என்பதை நினைவில் வையுங்கள். பெட்டியில் ‘ஆப்டிகல் ஜூம்’ என்ற சொல் இருக்கிறதா என்று மட்டுமாவது பாருங்கள். இல்லையென்றால் கீழே வைத்துவிடுங்கள்.

சொந்தக்காரர்களின் புகாரில் எது நிலைக்கும், எது கரைந்துபோகும் என்பதைப் பழைய கேமராக்களே காட்டுகின்றன. பிளசன்டனிலிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில் இருக்கும் கூப்பர்டினோவிலிருந்து 1994இல் ஆப்பிள் ‘குயிக்டேக்’ கேமராவை விற்றது. விலை 749 டாலர். முழுத் தரத்தில் எட்டே படம். வாங்கியவர்கள் குறை சொன்னதில் நியாயம் இருந்தது, அது நிலைக்கவில்லை. 2003இல் கேனன் 300டி வந்தபோது, லென்ஸோடு சேர்த்து ஆயிரம் டாலருக்குள் ஒரு டிஜிட்டல் எஸ்எல்ஆர் கிடைப்பது அதுவே முதல் முறை. அமெரிக்காவில் ‘டிஜிட்டல் ரெபெல்’ என்று பெயர். உடம்பெல்லாம் பிளாஸ்டிக் என்று குறைப்பட்டார்கள். கேனன் மென்பொருளில் பூட்டிவைத்த சில வசதிகளைச் சொந்தக்காரர்களே வழி கண்டுபிடித்துத் திறந்தும்கொண்டார்கள். பிளாஸ்டிக் பற்றிய புகார் காலத்தில் கரைந்துபோனது. 2006இல் வந்த நிக்கான் டி40 பற்றிய புகார் அப்படி இல்லை. ஃபோகஸ் மோட்டார் கேமராவுக்குள் இல்லாததால், பழைய ஆட்டோஃபோகஸ் லென்ஸ்கள் பலவற்றை மாட்டினால் கையால்தான் திருப்ப வேண்டும். பழைய லென்ஸ் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்குகிறவருக்கு இது இன்றைக்கும் முதல் எச்சரிக்கை.

பழைய கேமரா தேடுபவர்கள் 2005இல் நடந்ததையும் தெரிந்துகொள்ள வேண்டும். அதற்கு முந்தைய சில ஆண்டுகளில் வந்த பல கேமராக்களில் சோனி செய்த ஒருவகை சிசிடி சென்சார் இருந்தது. சூடும் ஈரப்பதமும் பட்டால் அதன் உள் இணைப்பு விட்டுப்போய், படம் கறுத்தோ, நிறம் குழம்பியோ வரும். கேனன், நிக்கான், ஃபியூஜி, சோனி எனப் பல நிறுவனங்கள் அந்த ஆண்டில் இலவசப் பழுதுபார்ப்பை அறிவித்தன. அந்தச் சலுகை என்றோ முடிந்தது. ஆனால் அந்தக் காலத்துக் கேமராக்கள்தான் இப்போது ‘விண்டேஜ்’ என்ற பெயரில் நல்ல விலைக்கு விற்கின்றன. சென்னை வெக்கையில் இருபது வருடம் அலமாரியில் கிடந்த ஒன்றைக் கொண்டுவந்து பேத்திக்குக் கொடுக்கும் முன், ஒரு படம் எடுத்துப் பாருங்கள்.

லென்ஸ் மாற்றும் பெரிய கேமராவைத் தள்ளுபடி விலையில் பை, முக்காலி, இரண்டு லென்ஸ் சகிதம் வாங்கிய குடும்பங்களையும் கேட்டேன். பலரும் சொன்ன பதில் ஒன்றுதான்: எடுத்துக்கொண்டு போவதே இல்லை. 2023இல் வந்தபோது கேனன் ஆர்100 லென்ஸோடு 600 டாலர். படத்தின் தரத்தில் சிறு கேமரா பக்கத்திலேயே வர முடியாது. ஆனால் தொடுதிரை இல்லை, திரை மடங்கவும் மடங்காது. போனில் வளர்ந்த பிள்ளை திரையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டு வைத்துவிடும். புகைப்படத்தில் உண்மையாகவே இறங்கிவிட்ட பிள்ளைக்கு அது சரி. முதல் கேமராவாக, ஆசை நிற்குமா என்று தெரியாத நிலையில், நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மலிவு விலை என்பதை நான் இவ்வளவு வலியுறுத்துவதற்கு, பிளசன்டன் போன்ற ஊரில் பணம் இல்லை என்பது காரணமல்ல. கையில் கேமரா வருவதுதான் ஒரு பிள்ளைக்கு முதல் பள்ளிக்கூடம். மதுரையைச் சேர்ந்த எம். பழனிக்குமாரை எடுத்துக்கொள்ளுங்கள். கிராமப்புற இந்தியாவைப் பதிவுசெய்யும் ‘பாரி’ இணைய இதழுக்காகக் கையால் மலம் அள்ளும் தொழிலாளர்களின் வாழ்வைப் படமாக்கியவர். தாய் மீன் விற்றவர். கடன் வாங்கித்தான் அவர் கைக்கு முதல் கேமரா வந்தது. இப்போது அவரே தூய்மைப் பணியாளர்கள், மீனவர்கள் வீட்டுப் பிள்ளைகளிடம் கேமராவைக் கொடுத்துத் தங்கள் தெருவை எடுக்கச் சொல்லித் தருகிறார். முதல் கேமராவின் விலை ஒரு நூறு டாலர் குறைந்தால் அந்த வகுப்புகளில் இன்னும் ஒரு பிள்ளையின் கைக்குக் கேமரா போகும். இங்கே நம் வீட்டு அலமாரியில் தூங்குவதும் அங்கே ஒருவருக்கு வேலை செய்யும்.

இந்தத் தகவலெல்லாம் தமிழில் கிடைக்காமல், ஒவ்வொரு தாயும் தகப்பனும் நட்சத்திரங்களை எண்ணி ஏமாறுவது எனக்குப் பொறுக்கவில்லை. உங்களிடம் ஒரு தொடக்கநிலைக் கேமரா இருந்தால், மாடல் பெயர், வாங்கிய வருடம், கொடுத்த விலை, அது எங்கே கைகொடுத்தது, எங்கே கைவிட்டது, பேட்டரி இன்னும் தாங்குகிறதா, பழுது பார்க்க ஆள் கிடைத்தாரா என்பதை அரைப்பக்கம் தமிழில் எழுதுங்கள். இந்த நாளிதழின் வாசகர் கடிதப் பகுதிக்கே அனுப்புங்கள். குறையை மறைக்காமல் எழுதுங்கள்.