கலோரி வேண்டாம், கரண்டிக் கணக்கைச் சொல்லுங்கள்!

"கொத்து ரொட்டியும் உண்ணலாம், உடல் நிறையையும் குறைக்கலாம். வேண்டியது கணக்கு ஒன்றே." சென்ற மாதம் களுவாஞ்சிகுடியில் கூட்டமொன்று முடிந்த பின்னர் நண்பர் ஒருவர் இவ்வாறு தீர்ப்பு வழங்கினார். அவர் பொறியியலாளர், எண்களோடு பழகியவர். சூழ நின்ற ஆசிரியர்களும் எழுதுவினைஞர்களும் ஆமோதித்துத் தலையசைத்தனர். அவர்களுள் பாதிப்பேரின் இடுப்புப்பட்டி கடைசித் துளைக்கு வந்துவிட்டது. என்னுடையதும் அவ்வாறே. நாற்பத்தைந்து வயதில், 170 சென்ரிமீற்றர் உயரத்தில், 81 கிலோ நிறையோடு வைத்தியர் முன் நின்று, "பத்துக் கிலோ இறக்க வேண்டும்" என்ற கட்டளையைப் பெற்று வந்தவன் நான். ஆகவே இவ்வழக்கில் என்னை நடுநிலையாளன் என எவரும் கருத வேண்டாம். வழக்காளியும் நானே, எதிரிக் கூண்டில் நிற்பவனும் நானே.

நண்பர் கூற்றில் உண்மை இல்லை என்று நாம் வாதாட வரவில்லை. உள்ளதை மறைப்பவன் வழக்கில் தோற்பான். 2010ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்துப் போசாக்குப் பேராசிரியர் மார்க் ஹோப் என்பவர், கடைகளில் உறையிட்டு விற்கும் கிறீம் கேக்குகளையும் பிஸ்கட்டுகளையுமே பெரும்பாலும் உண்டு, நாளொன்றுக்கு 1800 கலோரிக்கு மேற்படாமல் பார்த்துக்கொண்டு, பத்தே வாரத்தில் 27 இறாத்தல் குறைந்தார். அயோவா மாநிலத்து விஞ்ஞான ஆசிரியர் ஜோன் சிஸ்னா 90 நாட்கள் மக்டொனால்ட்ஸ் உணவையன்றி வேறெதையும் தொடாது 37 இறாத்தல் குறைத்ததை 2014இல் உலகமே பேசியது. அவருக்கு நாளொன்றுக்கு 2000 கலோரி. அத்தோடு 45 நிமிட நடை. உண்ணும் சக்தி செலவழியும் சக்தியிலும் குறைந்தால் உடல் இளைக்கும். இது இயற்கையின் சட்டம். இதற்கு மேன்முறையீடு இல்லை.

ஆனால், சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்யாமல் விட்டுவிடுவதா?

பேராசிரியர் உண்ட கேக்கின் உறையிலே கலோரி அச்சிடப்பட்டிருந்தது. சிஸ்னாவுக்கு அவருடைய மாணவர்களே நாள்தோறும் உணவுத் திட்டம் வகுத்துக் கொடுத்தனர். எதைக்கொண்டு வகுத்தனர்? அந்த நிறுவனம் ஒவ்வோர் உணவுக்கும் வெளியிட்டிருந்த எண்களைக்கொண்டு. இருவரும் துரித உணவால் மெலியவில்லை, எண்ணால் மெலிந்தனர். எண்ணை மறைத்துவிட்டு அதே கேக்கை அவர்கள் முன் வைத்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதை எமது வயிறுகளே சாட்சி கூறும்.

இனி மண்டூருக்கு வருவோம். நம் ஊரின் துரித உணவு மக்டொனால்ட்ஸ் அன்று. அது கொத்து ரொட்டி, பிறைட் றைஸ், பராட்டா, ரோல்ஸ், வடை. சந்தியிலே தகட்டின் மீது இரண்டு இரும்புகள் மோதும் ஓசை கேட்டால் கூட்டம் முடிந்து வரும் தொண்டனும், வட்டையிலிருந்து திரும்பும் விவசாயியும் ஒருங்கே நின்றுவிடுவர். நானும் நின்றேன். வைத்தியர் கட்டளைக்குப் பின் ஒருநாள், எனக்குக் கொத்துப் போடும் தம்பியிடம், "இதில் எத்தனை கரண்டி எண்ணெய் விடுகிறாய்?" என்று வினவினேன். "ஐயா, எண்ணெய்க்கு எங்க கணக்கு? கல்லுக் கேட்கிற அளவுக்கு ஊத்துறதுதான்," என்றார் அவர். பொய் பேசாத பிள்ளை. நான் விசாரித்த சாட்சிகளுள் இவரைப்போல் நேர்மையாகப் பதில் சொன்னவர் மிகச் சிலரே.

கல் கேட்கும் அளவு என்ன? ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் ஏறக்குறைய 120 கலோரி உண்டு. கல் இரண்டு கரண்டி கேட்டால் 240. ஐந்து கரண்டி கேட்டால் 600. இடையிலுள்ள 360 கலோரியை எரிப்பதற்கு ஒரு மணி நேரத்துக்கும் மேலாக நடக்க வேண்டும். அன்று வாங்கிய பொதியை வீட்டுத் தராசில் வைத்தேன். முக்கால் கிலோவுக்குக் கிட்ட வந்தது. அது ஒருவருக்கான உணவா, இருவருக்கானதா? கடையில் எவரும் சொல்லவில்லை. நானும் அதுவரை கேட்கவில்லை. ஒருவனாகவே உண்டு முடித்து வந்திருக்கிறேன். பொறியியலாள நண்பரே, உமது சமன்பாட்டின் ஒரு பக்கத்தில் எண்ணே இல்லை. இதை வைத்து எந்தப் பாலத்தைக் கட்டுவீர்?

மற்றொன்றும் உண்டு. மனிதன் கணக்குப் புத்தகம் அல்லன். அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவகத்தில் கெவின் ஹோல் என்பவரும் குழுவினரும் 2019இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். இருபது பேரை நிறுவகத்துள்ளேயே தங்கவைத்து, இரண்டு வாரம் ஆலையில் மிகைப்படப் பதப்படுத்திய உணவும், இரண்டு வாரம் பதப்படுத்தாத உணவும் வழங்கினர். முன்வைத்த உணவில் கலோரி, சீனி, கொழுப்பு, உப்பு, நார் யாவும் இரு பக்கமும் ஒத்தன. வேண்டிய மட்டும் உண்ணலாம் என்பதே நிபந்தனை. ஆலை உணவு உண்ட நாட்களில் அதே மனிதர்கள் நாளொன்றுக்கு ஏறக்குறைய 500 கலோரி கூடுதலாக உண்டனர். இரு வாரத்தில் ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைய ஏறினர். மற்றைய இரு வாரத்தில் அவ்வளவே இறங்கினர். ஆலை உணவை அவர்கள் விரைந்து உண்டதும் பதிவாயிற்று. கொத்து ரொட்டி ஆலை உணவு அன்றே என்று எதிர்த்தரப்பு எழுந்து நிற்கும். ஏற்கிறேன். எனினும் மென்மையாய், எண்ணெய் ஊறி, ஏற்கனவே துண்டாக்கப்பட்டு, மெல்லும் வேலையையே மிச்சமாக்கித் தரும் உணவு அது. வயிறு 'போதும்' என்று அறிவிக்குமுன் பொதி காலியாகிறது. பக்கத்திலே சோடாப் போத்தல் வேறு!

அந்தச் சோடாவிடம் ஒரு நற்குணம் உண்டு. 2016 ஆகஸ்டிலிருந்து இந்நாட்டில் போத்தலில் அடைத்த இனிப்புப் பானங்கள் நிறக் குறியீட்டைத் தாங்கி வருகின்றன. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு வட்டம். 400 மில்லிலீற்றர் போத்தலாயின் 44 கிராமுக்கு மேல். ஏறக்குறைய ஒன்பது தேக்கரண்டி. 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டத்தின் கீழ் இத்தகைய ஒழுங்குவிதியை ஆக்க முடிந்தது. படிப்பறிவு குறைந்தவருக்கும் சிவப்பு விளங்கும். போத்தல் தன் குற்றத்தை நெற்றியில் எழுதிக்கொண்டு நிற்க, பக்கத்திலிருக்கும் கொத்துப் பொதி மட்டும் வெள்ளைக் கடதாசியில் நிரபராதிபோல் வீற்றிருக்கிறது.

பொறுப்பு யாருடையது என்ற வினா நியூயோர்க் நீதிமன்றத்திலும் எழுந்தது. 2002இல் பிராங்ஸ் பகுதியைச் சேர்ந்த இளம்பெண்கள், தம் உடல் பருமனுக்கும் நோய்க்கும் மக்டொனால்ட்ஸ் நிறுவனமே காரணம் என்று வழக்கிட்டனர். உலகம் சிரித்தது. நீதிபதி றொபேட் சுவீட் 2003இல் வழக்கைத் தள்ளுபடி செய்தார். எண்ணெயிலே பொரித்த உணவை அளவுக்கு மிஞ்சி உண்டால் தீங்கு விளையும் என்பதை அறிந்தவர், அறிந்திருக்க வேண்டியவர், பிறரைக் குறைகூற முடியாது என்பது அவர் நிலைப்பாடு. தீர்ப்பை இவ்வளவோடு படித்து மூடிவிடுவோரே பலர். அதே தீர்ப்பில் அவர் ஒரு கதவைத் திறந்தும் வைத்தார். கோழித் துண்டு என்று விற்கப்படும் பண்டத்தில், வீட்டுச் சமையலறையில் எவரும் பயன்படுத்தாத பல பொருள்கள் சேர்ந்திருப்பதைச் சுட்டி, உண்பவர் சாதாரணமாக அறியக்கூடியதற்கு அப்பாற்பட்ட தீங்கு இருந்தால் நிலைமை வேறாகலாம் என்றார். 2005இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் வழக்கின் ஒரு பகுதிக்கு உயிர் கொடுத்தது. ஆயினும் 2010இல் பலர் சார்பில் ஒரே வழக்காக நடத்த அனுமதி மறுக்கப்பட்டது. இடையில் 2004இல் இத்தகைய வழக்குகளையே தடுக்கும் சட்டமூலத்தை அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை நிறைவேற்றியது. செனற் சபையில் அது கரையேறவில்லை. பசித்த பிள்ளைகளுக்கு எதிராகப் பாராளுமன்றம் இவ்வளவு விரைந்து கூடியதைக் கவனிக்க!

சட்டம் படித்தவன் என்ற முறையில் அத்தீர்ப்பிலிருந்து நான் எடுத்துக்கொள்வது இதுவே: அறிந்தவனுக்கே பொறுப்பு. அறிவிக்காதவன் பொறுப்பைப் பற்றிப் பேச உரிமையற்றவன். "உன் வாய், உன் வயிறு, உன் குற்றம்" என்று நமக்கு உபதேசிப்போர், வாய்க்குள் போவது இன்னது என்று முதலில் சொல்லட்டும்.

இவ்வளவு கூறியதும் நம்மூர்ப் பெரியவர்கள் மகிழ்ந்திருப்பார்கள். ஒரு போடியார் என்னிடம், "எங்கட அப்பன்மார் வட்டில் நிறையச் சோறு திண்டு திடமா இருந்தாங்க, தம்பி. கடைச் சாப்பாடு வந்துதான் எல்லாம் கெட்டது," என்றார். பெரியவருக்கு வணக்கம், வாதத்துக்கு மறுப்பு. அப்பன்மார் உழுதார்கள், நாற்றுச் சுமந்தார்கள், அரிவாளால் அறுத்தார்கள், இரவிரவாகச் சூடு மிதித்தார்கள். இன்று வட்டைக்குள் இயந்திரம் இறங்கி, முன்னர் ஒரு கூட்டமே நாட்கணக்கில் செய்த வேலையைச் சில மணி நேரத்தில் முடிக்கிறது. நாம் வரம்பில் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, கைபேசியோடு பார்த்து நிற்கிறோம். வெள்ளாண்மை மாறிவிட்டது, வட்டில் மட்டும் மாறவில்லை. சமைத்த சோறு 100 கிராமில் 130 கலோரி வரையில் உண்டு. அரைக் கிலோச் சோற்றுக் குவியல் 650. கறியும் சொதியும் அதன் மேல். இதுவும் நிறையை ஏற்றும். கோயில் அன்னதானமாயினும் ஏற்றும். தீட்டிய வெள்ளை அரிசியை நாம் உண்டுகொண்டிருக்க, பச்சைப்பெருமாள் கொழும்புக் கடைகளில் அழகிய பொதிக்குள் உயர்ந்த விலைக்கு விற்பனையாகிறது. இந்த வெட்கத்தைத் தனிக் கட்டுரையில் எழுத வேண்டும்.

2005–2006இல் நாடளாவிய ஆய்வில் வளர்ந்தோருள் பத்தில் ஒருவருக்கு நீரிழிவு காணப்பட்டது. 2018–2019 ஆய்வில் அது ஐந்தில் ஒருவரைத் தாண்டியது. இதிலே கொத்துக் கடையின் பங்கு எவ்வளவு, சோற்று வட்டிலின் பங்கு எவ்வளவு எனப் பிரித்துத் தீர்ப்புக் கூற நான் துணியேன். ஆசிய மக்களுக்கு உடற் திணிவுச் சுட்டெண் 23ஐத் தாண்டும்போதே அபாயம் தொடங்குகிறது என உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர்கள் 2004இல் சுட்டினர். என் உயரத்துக்கு அது 66 கிலோவைச் சற்றே தாண்டிய நிறை. கை கால் மெலிந்து வயிறு மட்டும் முன்வந்து நிற்கும் நம்மவர் தோற்றத்தைச் 'செல்வாக்கு' என்று போற்றும் பழக்கம் ஒழிய வேண்டும்.

"கடையை விட்டு வீட்டிலே உண்" என்ற உபதேசத்திலும் ஒரு அநீதி ஒளிந்திருக்கிறது. வீட்டிலே சமைப்பவர் யார்? காலையில் பாடசாலைக்கு ஓடி, பட்டிருப்புப் பாலத்தைக் கடந்து மாலையில் களைத்து வரும் ஆசிரியையிடமும், பகலெல்லாம் வயலில் களை பிடுங்கிய தாயிடமும் "பிட்டு அவி" என்று ஆண்கள் நாம் ஆணையிடுகிறோம். அவள் பிள்ளைக்கு ஒரு பொதி வாங்கி வந்தால் குற்றம் சாட்டுகிறோம். அந்தப் பொதியைத் தரமானதாக்குவதே நியாயம். பொதியை வாங்கியவளைத் தண்டிப்பது அன்று.

ஆகவே நண்பரின் கேள்விக்கு என் விடை: ஆம், துரித உணவுக்கு நிறை குறைப்பில் இடம் உண்டு, அதன் அளவு தெரிந்தால் மட்டும். கடந்த மூன்று மாதமாக நான் கடைபிடிப்பது இது. வாரம் ஒரு நாள், அரைப் பொதி, ரொட்டியைக் குறைத்து முட்டையும் கோவாவும் கரட்டும் கூட்டிப் போடச் சொல்வது, குழம்பை மேலே ஊற்றாதிருப்பது, சோடாவுக்குப் பதில் சீனியில்லாத தேநீர். மற்ற நாட்களில் சோறு குறைவு, கீரையும் வாவி மீனும் அதிகம். நாலு கிலோ இறங்கியிருக்கிறது. நீரிழிவுக்கு மருந்தெடுப்போர் என்னைப் பின்பற்ற வேண்டாம். உணவைக் குறைக்குமுன் வைத்தியரைக் காண்க.

கோரிக்கைக்கு வருகிறேன். நியூயோர்க் நகரம் 2008இலேயே பெருஞ் சங்கிலிக் கடைகளை உணவுப் பட்டியலில் கலோரி எழுத வைத்தது. இங்கிலாந்து 2022இல் அவ்வாறு செய்தபோது 250 பேரோ அதற்கு மேற்பட்டோரோ வேலை செய்யும் நிறுவனங்களையே கட்டுப்படுத்தியது. ஏழைக் கடைக்காரன் ஆய்வுகூடத்துக்கு எங்கே போவான் என்ற நியாயம் அதில் உண்டு. எனவே சந்திக் கடைத் தம்பியிடம் கலோரி கேட்கவேண்டாம். கரண்டி கேட்போம். ஒரு கொத்துக்கு எத்தனை கரண்டி எண்ணெய், பொதியின் நிறை எத்தனை கிராம் என்பதைக் கரும்பலகையில் வெண்கட்டியால் எழுதினால் போதும். அரைப் பொதியை அரை விலைக்கு விற்க மறுக்கக் கூடாது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் உண்ணுஞ்சாலைகள் பற்றித் துணைவிதி ஆக்கும் வழியைத் தந்திருக்கிறது. அவ்வதிகாரம் கரண்டி வரை நீளாது என்று எவராவது வாதிட்டால், எதிர்த்து வாதிட நான் ஊதியமின்றி வருவேன்.

போரதீவுப்பற்றுப் பிரதேச சபைக்கு அனுப்பவேண்டிய மனு தயாராகிவிட்டது. முதற் கையொப்பம் கொத்துப் போடும் தம்பியுடையது. எண்ணெய் விலையில் தனக்கும் மிச்சம் என்று சொல்லியே இட்டார். ஞாயிறு காலை ஏழு மணிக்கு மண்டூர்த் துறையடியில் மனுவோடு இருப்பேன். பேனாவை நான் கொண்டு வருவேன். பொறியியலாள நண்பர் தராசைக் கொண்டுவர ஒப்புக்கொண்டிருக்கிறார்.