குப்பையில் தைத்த உடையும் ஒட்டுப்போட்ட சட்டையும்





பள்ளி ஆண்டு விழாக்களிலும் கல்லூரிகளின் சுற்றுச்சூழல் விழாக்களிலும் அண்மைக் காலமாக ஒரு புதிய நிகழ்ச்சி இடம்பெற்று வருகிறது. சிப்ஸ் உறைகளைக் கோத்த பாவாடை, நாளிதழ்த் தாள்களை மடித்து ஒட்டிய சட்டை, தண்ணீர்ப் புட்டிகளின் மூடிகளால் ஆன மாலை எனக் குப்பையிலிருந்து செய்த உடைகளை அணிந்துகொண்டு பிள்ளைகள் மேடையில் நடந்து வருகின்றனர். கூட்டம் கைதட்டுகிறது, சிறந்த உடைக்குப் பரிசும் வழங்கப்படுகிறது. நம் வீட்டுப் பிள்ளைகளும் இதற்கு அழைக்கப்படுகின்றனர். "ஹஜ்ரத், இதில் பிள்ளையைச் சேர்க்கலாமா?" என்று பெற்றோர் மதரஸாவுக்கு வந்து கேட்கின்றனர். கூடும், கூடாது என்று ஒரே சொல்லில் முடித்துவிடத் தக்க கேள்வி அன்று இது. ஆதலால் சற்று விரிவாகவே எழுத விரும்புகிறோம்.

இது நம் ஊர்ப் பள்ளிகளில் தோன்றிய வழக்கம் அன்று. அயர்லாந்து நாட்டில் 2010ஆம் ஆண்டு 'ஜங்க் கூட்யூர்' என்ற பெயரில் பள்ளி மாணவர்களுக்கான போட்டி ஒன்று தொடங்கப்பட்டது. தூக்கி எறியப்பட்ட பொருள்களைக் கொண்டு உடை செய்ய வேண்டும் என்பதே அதன் விதி. அது பல நாடுகளுக்குப் பரவி, 2023 ஜனவரியில் அதன் உலக இறுதிச்சுற்று அபுதாபியில் நடைபெற்றது. தென்னமெரிக்காவில் சிலி நாட்டின் அட்டகாமா பாலைவனத்தில், பணக்கார நாடுகள் கழித்த துணிகள் மலைமலையாகக் கொட்டப்பட்டுக் கிடக்கின்றன. 2024 ஏப்ரலில் அந்தத் துணிக்குவியல்களுக்கு நடுவிலேயே ஓர் ஆடை அணிவகுப்பை நடத்தினர். அங்கே கிடந்த துணிகளையே எடுத்து உடையாக்கி, அவற்றை அணிந்து அந்த மணலில் நடந்து காட்டினர். தாம் வாங்கிக் கழித்தது எங்கே போய்ச் சேர்கிறது என்பதை உலகம் பார்க்கட்டும் என்பதே அவர்களின் நோக்கம். அந்த நோக்கத்தைக் குறைகூற நமக்கு எதுவும் இல்லை. வீண்விரயத்தை வெறுப்பது நம் மார்க்கம் நமக்குக் கற்றுக்கொடுத்த பாடமே ஆகும்.

எனினும் ஒரு நிகழ்ச்சியின் நோக்கம் நல்லதாக இருப்பது மட்டும் போதாது. அது நடைபெறும் முறையையும் அதன் விளைவையும் மார்க்கத்தின் அளவுகோலால் அளந்து பார்ப்பது முஃமின்களின் கடமை.

முதலில் ஆடையைப் பற்றிப் பார்ப்போம். ஆடை மறைக்க வேண்டியதை மறைப்பதற்கும் அலங்காரத்திற்கும் அருளப்பட்டது என்றும், இறையச்சம் என்னும் ஆடையே அனைத்திலும் மேலானது என்றும் ஸூரா அஃராஃப் நமக்கு உணர்த்துகிறது. அழகாக உடுத்துவதை இஸ்லாம் தடுக்கவில்லை. நல்ல உடையும் நல்ல காலணியும் விரும்புவது பெருமையாகுமா என்று ஒருவர் வினவியபோது, அல்லாஹ் அழகை விரும்புபவன் என்றும், பெருமை என்பது உண்மையை மறுப்பதும் மக்களை இழிவாகக் கருதுவதுமே என்றும் நபி (ஸல்) அவர்கள் தெளிவுபடுத்தியதை ஸஹீஹ் முஸ்லிமில் காண்கிறோம்.

அதே வேளையில், பிறர் கண்கள் தன்மீது குவிய வேண்டும் என்பதற்காக அணியும் 'புகழாடை'யை நபி (ஸல்) அவர்கள் கடுமையாக எச்சரித்துள்ளார்கள். இப்னு உமர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் இச்செய்தி அபூதாவூதிலும் இப்னு மாஜாவிலும் இடம்பெற்றுள்ளது. இதற்கு விளக்கம் எழுதிய அறிஞர்கள், விலையுயர்ந்த உடை மட்டுமல்லாமல், மக்கள் திரும்பிப் பார்க்க வேண்டும் என்ற எண்ணத்துடன் வேண்டுமென்றே அணியும் கந்தலும் இதில் அடங்கும் என்று கூறியுள்ளனர். பட்டாக இருந்தாலும் குப்பையாக இருந்தாலும், உள்ளத்தில் இருப்பது எது என்பதே கேள்வி.

ஆகவே நம் கருத்தை மறைக்காமல் கூறிவிடுகிறோம். பருவமடைந்த பெண்பிள்ளைகளை அந்நியர் நிறைந்த அரங்கில், உடலின் வடிவம் தெரியும் உடையுடன் நடக்க வைத்துப் புள்ளி போடுவது கூடாது. உடை எதனால் செய்யப்பட்டது என்பது இச்சட்டத்தை மாற்றிவிடாது. ஆண்பிள்ளைகளுக்கும் அவ்ரத் உண்டு, வெட்கமும் உண்டு என்பதையும் மறந்துவிடலாகாது. சிறு குழந்தைகள் வழக்கமான உடையின்மேல் இவற்றை அணிந்துகொண்டு குப்பையைப் பற்றி நான்கு வார்த்தை பேசுவதை நாம் ஆட்சேபிக்கவில்லை.

அடுத்து விளைவைப் பார்ப்போம். குப்பை குறைந்ததா? நாளிதழ் கட்டாக இருந்தவரை பழைய பேப்பர் கடையில் கிலோ கணக்கில் விலைபோகும். அரைத்து மீண்டும் தாளாக்குவார்கள். அதன்மேல் பசை தடவி, ஜிகினா தூவி, பிளாஸ்டிக் நாடாவால் சுற்றிய பிறகு எந்தக் கடைக்காரரும் அதை வாங்கமாட்டார். சிப்ஸ் உறையோ பிளாஸ்டிக்கும் மெல்லிய உலோகப் பூச்சும் அடுக்கடுக்காக ஒட்டியது. பிரிக்க இயலாததால் அதற்குப் பழைய சாமான் கடையில் முன்பும் விலையில்லை, பின்பும் இல்லை. போதாக்குறைக்குக் கடையில் புதிதாக வாங்கிய தெர்மோகோல், வண்ணத்தாள், பசைக்குச்சி ஆகியவை சேர்கின்றன. சில பெற்றோர் உடைக்கு வேண்டிய உறைகளைப் பெறுவதற்காகவே சிப்ஸ் வாங்கிப் பிரிக்கின்றனர். பத்து நிமிடம் மேடையில் நின்ற உடை மறுநாள் காலை குப்பைத்தொட்டியில் கிடக்கிறது. விற்கக்கூடிய கழிவை விற்க முடியாத கழிவாக மாற்றியதைத் தவிர இதில் நடந்தது என்ன? இதற்கு மறுசுழற்சி என்று பெயரிடலாமா? இஸ்ராஃபை எதிர்க்கும் நிகழ்ச்சியே இஸ்ராஃபாக முடிந்துவிடுகிறது.

கழிவு உண்மையிலேயே ஆடையாகும் இடங்கள் நம் மாநிலத்தில் இல்லாமல் இல்லை. 2023 பிப்ரவரியில் பிரதமர் நாடாளுமன்றத்திற்கு அணிந்து வந்த நீலநிற மேலங்கி, பிளாஸ்டிக் புட்டிகளை உருக்கி இழையாக்கிய துணியில் தைக்கப்பட்டது. அத்துணி கரூரில் உருவானது. திருப்பூரில் பனியன் வெட்டும்போது மிஞ்சும் துண்டுகளைப் பிரித்துப் பஞ்சாக்கி மீண்டும் நூலாக நூற்கும் ஆலைகள் கோவை, திருப்பூர் வட்டாரங்களில் இயங்குகின்றன. நமக்கு இன்னும் அருகில், சேலத்துக்கும் தருமபுரிக்கும் இடையே நம் தொப்பூர் வழியாகச் செல்லும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையின் ஓரத்து லாரி பட்டறைகளில் பாருங்கள். மெக்கானிக் கையில் கிரீஸ் துடைக்க வைத்திருக்கும் 'பனியன் வேஸ்ட்' யாரோ உடுத்த வேண்டிய சட்டையின் ஓரமே! அதற்கு மேடையும் இல்லை, கைதட்டலும் இல்லை. ஆனால் அதன் கடைசி இழைவரை பயன்படுகிறது.

நம் வீடுகளிலும் இது நடந்துகொண்டுதான் இருந்தது. நம் உம்மாமார்களும் நன்னிமார்களும் நைந்த புடவைகளை அடுக்கிக் கையால் தையலோட்டிக் குழந்தைக்கு விரிப்பாக்கினர். வாப்பாவின் பழைய கைலி தலையணை உறையானது. பிறகு அடுப்படியில் கரித்துணியானது. மும்பையில் பழைய புடவைகளைப் புத்துடையாக்கும் ஒரு நிறுவனம் 2019இல் ஆடை அலங்கார விழா ஒன்றில் பரிசு பெற்றது. அந்த வேலையைப் பரிசு எதுவும் எதிர்பாராமல் செய்தவர்கள் நம் பெரியவர்கள்.

இன்னும் மேலே செல்வோம். வீட்டில் நபி (ஸல்) அவர்கள் என்ன செய்வார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்களிடம் கேட்கப்பட்டபோது, தம் ஆடையைத் தாமே தைப்பார்கள், தம் காலணியைத் தாமே செப்பனிடுவார்கள் என்று கூறியதை முஸ்னது அஹ்மதில் படிக்கிறோம். உமர் (ரலி) அவர்கள் ஆட்சித்தலைவராக இருந்த காலத்தில் அவர்களது சட்டையின் தோள்களுக்கிடையே ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று ஒட்டுகள் இருந்ததைத் தாம் கண்டதாக அனஸ் (ரலி) அவர்கள் அறிவிப்பது இமாம் மாலிக்கின் முவத்தாவில் உள்ளது. பாரசீகமும் ஷாமும் யாருடைய ஆட்சியின்கீழ் வந்தனவோ, அவர் அணிந்த சட்டை அது. அந்த ஒட்டு பிறருக்குக் காட்டுவதற்காகப் போட்டதன்று. சட்டை இன்னும் உழைக்கும் என்பதற்காகப் போட்டது.

நம்மை வருத்தும் செய்தி இதில்தான் இருக்கிறது. குப்பையில் தைத்த உடைக்கு மேடையில் கைதட்டுகிறோம். ஒட்டுப்போட்ட சட்டையுடன் வகுப்பில் வந்து உட்காரும் பிள்ளையை என்ன செய்கிறோம்? அண்ணன் அணிந்து சிறுத்துப்போன சட்டையை, வேறு நிறப் பித்தான் வைத்துத் தைத்து அணிந்துவரும் சிறுவனைச் சக பிள்ளைகள் கேலி செய்கின்றனர். பெருநாளன்று "இது போன வருடச் சட்டைதானே?" என்று ஒரு குழந்தையிடம் கேட்டுவிடுகின்றனர். அந்த ஒரு கேள்விக்கு அஞ்சி, தினக்கூலிக்குச் செல்லும் தகப்பன் வட்டிக்குக் கடன் வாங்கித் துணியெடுக்கிறான். ஹராமான வட்டியில் வாங்கிய புத்தாடையுடன் பெருநாள் தொழுகைக்கு வருகிறான். அவனை அந்நிலைக்குத் தள்ளியதில் நம் பார்வைக்கும் நம் பிள்ளைகளின் பேச்சுக்கும் பங்கில்லையா? மக்களை இழிவாகக் கருதுவதே பெருமை என்ற நபிமொழி நம் செவியில் விழவில்லையா?

குப்பை பொறுக்கி அன்றாடம் பிழைப்பவர்களும், சைக்கிளில் 'பழைய இரும்பு, பேப்பர்' என்று கூவி வருபவர்களும், ஊராட்சித் தூய்மைப் பணியாளர்களும் நம் தெருவில் நடக்கின்றனர். கழிவை உண்மையாகவே மறுபயனுக்கு அனுப்புகிறவர்கள் அவர்களே. அவர்களுக்கு ஒரு சலாமோ வணக்கமோ, ஒரு குவளை தண்ணீரோ கொடுக்காத தெருவில் குப்பையாடைக்கு விழா எடுப்பது பொருந்துமா?

"பிள்ளைகள் மகிழ்ச்சியாகக் கற்றுக்கொள்கிறார்கள், அதையும் சட்டம் பேசிக் கெடுக்க வேண்டுமா?" என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வியே. புத்தகத்தில் பத்துமுறை படிப்பதைவிட ஒருமுறை கையால் செய்வது மனத்தில் பதியும் என்பதை ஆசிரியப் பணியில் நாமும் காண்கிறோம். ஆனால் அந்தக் கையால் எதைச் செய்கிறார்கள் என்பதே நம் கவலை. பசை தடவக் கற்ற கைக்குப் பித்தான் தைக்கவும் தெரிய வேண்டாமா? கிழிந்த மடிப்பை ஓரந்தைக்கத் தெரிந்த பிள்ளை, ஆணாயினும் பெண்ணாயினும், ஒரு ஸுன்னத்தைக் கற்றுக்கொண்ட பிள்ளை.

பிள்ளைகளுக்குச் சொல்லுமுன் பெரியவர்களாகிய நாம் நம் பள்ளிவாசல்களைப் பார்க்க வேண்டும். ரமளானில் அஸருக்குப்பின் நோன்புக் கஞ்சி வாங்க முன்பெல்லாம் பிள்ளைகள் தூக்குவாளியுடன் வரிசையில் நிற்பார்கள். இன்று பல இடங்களில் கொதிக்கும் கஞ்சியைப் பிளாஸ்டிக் பையில் ஊற்றி முடிச்சிட்டுக் கொடுக்கும் வழக்கம் வந்துவிட்டது. வலீமா விருந்திலும் பயான் கூட்டத்திலும் ஒருமுறை குடித்து எறியும் கோப்பைகள் குவிகின்றன. தமிழக அரசு 2019 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் பைகள், தட்டுகள், பிளாஸ்டிக் பூசிய காகிதக் கோப்பைகள் உள்ளிட்ட 14 வகைப் பொருள்களைத் தடை செய்தது. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தையும் தொடங்கியது. சட்டம் வந்தும் பழக்கம் மாறவில்லை. தொப்பூர் கணவாயில் வண்டிகளிலிருந்து வீசப்படும் உறைகளையும் கோப்பைகளையும் குரங்குகள் கிழித்து நக்குகின்றன; மழை வந்தால் அவை ஓடைகளில் அடித்துச் செல்லப்படுகின்றன. பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவது ஈமானின் கிளைகளுள் ஒன்று என்று கற்ற சமுதாயம், பாதையில் இடையூறைப் போடுவதையாவது நிறுத்த வேண்டாமா?

ஆகவே ஜமாஅத்தாருக்கும் பெற்றோருக்கும் சில யோசனைகளை முன்வைக்கிறோம்.

குப்பையாடை அணிவகுப்புக்குப் பதிலாக ஆண்டுக்கொருமுறை செப்பனிடும் நாள் ஒன்றை நடத்துவோம். ஊரிலுள்ள தையற்காரர்களை அழைத்து, பிள்ளைகளுக்குப் பித்தான் தைக்கவும் ஒட்டுப்போடவும் பழைய புடவையில் கடைவீதிக்கான பை தைக்கவும் கற்றுக்கொடுப்போம். மறுநாளும் பயன்படும் பொருளுக்கே பரிசு என்று வைப்போம்.

ரமளானுக்கு முன்பே, பிள்ளைகளுக்குச் சிறுத்துப்போன நல்ல உடைகளைச் சேகரித்து, துவைத்து, தேய்த்து, கொடுப்பவர் யார் பெறுபவர் யார் என்று தெரியாதபடி சேர்ப்பிப்போம். நாமே உடுத்தக் கூசும் கந்தலைத் தர்மம் என்று தள்ளிவிட வேண்டாம்.

நோன்புக் கஞ்சிக்குப் பாத்திரத்துடன் வருபவர்களுக்கே முதல் வரிசை என்று பள்ளிவாசலில் அறிவிப்போம்.

வசதி படைத்த குடும்பத்தார் ஒரு பெருநாளைக்கேனும் சென்ற ஆண்டின் நல்ல உடையைத் துவைத்து, நறுமணம் பூசி, தம் பிள்ளைகளுக்கு உடுத்திப் பள்ளிவாசலுக்கு அழைத்து வரட்டும். இருப்பவற்றில் சிறந்ததை உடுத்துவதே பெருநாளின் ஒழுங்கு. கடையில் புதிதாக வாங்கியாக வேண்டும் என்ற கட்டாயம் மார்க்கத்தில் இல்லை. வசதியுள்ளவர் வீட்டுப் பிள்ளை பழைய சட்டையில் வந்தால், கடன் வாங்க நினைத்த எத்தனையோ தகப்பன்மார்களின் தோளிலிருந்து பெரும் சுமை இறங்கும். எந்த மேடை நிகழ்ச்சியும் செய்ய முடியாத சீர்திருத்தம் அது.

யா அல்லாஹ்! நீ அருளிய ஆடையை மதித்து உடுத்தவும், அதன் ஆயுள் முடியும்வரை பயன்படுத்தவும், எளிய உடையில் வருபவரைக் கண்ணியமாக நோக்கவும் எங்களுக்கும் எங்கள் பிள்ளைகளுக்கும் தவ்ஃபீக் செய்வாயாக. ஆமீன்.