நேரமும் நேர்மையும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. கணினி அறிவியல்)

ஓசூரில் பேருந்து ஏறி, ஜூஜூவாடியைக் கடந்து அத்திப்பள்ளியில் இறங்கினால் மாநிலம் மாறிவிடுகிறது. கடைப் பலகையின் எழுத்து மாறுகிறது. நடத்துநரின் மொழி மாறுகிறது. மாறாதது நம் கைக்கடிகாரம் ஒன்றுதான். அதனால்தானோ என்னவோ, நேரம் என்பது இடத்துக்கு இடம் வேறுபடும் என்ற எண்ணமே இந்த எல்லைப் பகுதியில் வளர்ந்த நமக்குத் தோன்றுவதில்லை. என் அக்காவின் சம்பளத்தில் நான்கு நாள் கூலி குறையும்வரை எனக்கும் தோன்றியதில்லை.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். அக்கா பன்னிரண்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்டு ஒரு தொழிற்சாலைக்குப் போகிறாள். நான் கட்டும் கட்டணமும் வாங்கும் புத்தகமும் அவள் உழைப்பே. அவளுக்கு முதல் ஷிப்டு காலை 6 மணிக்கு. தேன்கனிக்கோட்டைப் பக்கமிருந்து வரும் கம்பெனி வேன் சில நாள் 5.20க்கே வாயிலில் இறக்கிவிடும். சில நாள் 5.40 ஆகும். இறங்கியதும் இயந்திரத்தில் விரல் வைத்துவிட்டு உள்ளே போவார்கள்.

ஒரு மாதம் அவள் நான்கு நாள் வேலைக்கே வரவில்லை என்று கணக்கு வந்தது. “நான் வந்தேன் சார், மிஷின்ல பச்சை லைட்டும் எரிஞ்சுது” என்றாளாம். “சிஸ்டத்துல இல்லையேம்மா” என்றாராம் மேற்பார்வையாளர். அவ்வளவுதான். மனிதர் சொன்னால் சாட்சி வேண்டும். இயந்திரம் சொன்னால் அதுவே சாட்சி!

பலமுறை கேட்டபின் விரிவான பட்டியல் ஒன்றைக் கொடுத்தார்கள். அதை வைத்துக்கொண்டு ஓர் இரவு முழுதும் உட்கார்ந்தேன். வராத நாளாகக் காட்டியிருந்த ஒவ்வொரு நாளுக்கும் முந்தைய தேதியில், இரவு 11.52க்கு ஒரு வருகை, 11.50க்கு ஒரு வருகை என்று பதிவாகியிருந்தது. அந்த நேரத்தில் அக்கா எங்கள் வீட்டில் உறங்கிக்கொண்டிருந்தாள். 11.52உடன் ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டிப் பார்த்தேன். காலை 5.22! புதிர் அவிழ்ந்தது.

கணினி நேரத்தை உலகப் பொது நேரத்தில், அதாவது யூ.டி.சி.யில் குறித்து வைத்திருக்கிறது. அது நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்தங்கியது. அங்கே நள்ளிரவு 12 ஆகும்போது இங்கே காலை 5.30. அந்தக் கணக்கில் 5.30க்கு முன் வந்தவர் நேற்று வந்தவர். அதற்குப் பின் வந்தவர் இன்று வந்தவர். எனவே 5.40க்கு வந்த நாளுக்குக் கூலி உண்டு, 5.20க்கே வந்து காத்திருந்த நாளுக்குக் கூலி இல்லை. முந்தி வந்தவர்க்கே தண்டனை! மூன்று வாரம் அலைந்தபின் பணம் கிடைத்தது. வருத்தம் தெரிவித்தவர் எவருமில்லை.

நண்பர்களே, நான் குறை சொல்ல வந்தது பொது நேரத்தையன்று. நடந்து முடிந்த ஒரு நிகழ்ச்சியை உலகுக்கெல்லாம் பொதுவான ஒரே நேரத்தில் குறித்து வைப்பது நல்ல முறையே. குறை எங்கே? அந்தத் தொழிலாளி எந்த நேர மண்டலத்தில் நின்று விரல் வைத்தார் என்பதைக் குறிக்க அட்டவணையில் ஒரு கட்டம் ஒதுக்காததே குறை. அந்தக் கட்டம் இல்லாததால், ஓசூர்த் தொழிலாளியின் நாள் கிரீன்விச்சில் வெட்டப்பட்டது.

“இந்தியா முழுதும் ஒரே நேரந்தானே? நிரலிலேயே ஐந்தரையைக் கூட்டிவிட்டால் போதாதா?” என்று சிலர் கேட்கலாம். நானும் முதலில் அப்படித்தான் எண்ணினேன். ஆனால் வரலாற்றைப் புரட்டினால் அந்த ஐந்தரையே அண்மையில் வந்தது என்பது விளங்கும். 1792இல் சென்னையில் அமைந்த வானாய்வகத்தைக் கொண்டு கணக்கிட்ட சென்னை நேரம், கிரீன்விச்சுக்கு ஏறத்தாழ 5 மணி 21 நிமிடம் முந்தியது. இரயில்களும் அந்த நேரத்தைப் பின்பற்றின. 1906 சனவரி 1ஆம் நாள்தான் 82½ பாகைத் தீர்க்கரேகையை ஒட்டிய இந்தியத் திட்ட நேரம் நடைமுறைக்கு வந்தது. அதன் பின்னும் பம்பாய் 1955 வரை தன் சொந்த நேரத்தை விடவில்லை. இரண்டாம் உலகப் போரின்போது கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளி வைத்ததும் உண்டு. இன்றும் அசாம் தேயிலைத் தோட்டங்களில் ‘தோட்ட நேரம்’ என்று ஒரு மணி முன்னதாக வைத்துக்கொள்ளும் வழக்கம் இருக்கிறது.

அண்டை நாட்டைப் பாருங்கள். மின்சாரத் தட்டுப்பாட்டினால் இலங்கை 1996 மே மாதம் தன் கடிகாரத்தை ஆறரைக்கு மாற்றியது. அதே ஆண்டு அக்டோபரில் ஆறுக்கு மாற்றியது. 2006 ஏப்ரலில் மறுபடியும் ஐந்தரைக்கே திரும்பியது. கொழும்பில் இருக்கும் ஒருவருக்கு நாள்தோறும் காலை 9 மணிக்கு நினைவூட்டு அனுப்ப வேண்டும் என்று கொள்வோம். அவர் பெயருக்கு எதிரே ‘ஆறு மணி முந்தியது’ என்று எண்ணை மட்டும் எழுதி வைத்திருந்தால், அந்த ஏப்ரலுக்குப் பின் நினைவூட்டு எட்டரைக்கே போய்ச் சேரும். நம் உறவினர் பலர் வாழும் சிங்கப்பூரும் ஏழரையில் இருந்து 1982இல் எட்டுக்கு மாறிய நாடுதான்.

ஆகவே எழுத வேண்டியது எண்ணன்று, பெயர். அமெரிக்கரான ஆர்தர் டேவிட் ஓல்சன் 1980களில் தொடங்கிய நேர மண்டலப் பட்டியல் ஒன்று இன்றும் தொடர்ந்து திருத்தப்பட்டு வருகிறது. அதில் நமக்கு ‘ஆசியா/கொல்கத்தா’ என்று பெயர், இலங்கைக்கு ‘ஆசியா/கொழும்பு’. பெயரை வைத்திருந்தால், எந்த அரசு எப்போது கடிகாரத்தை மாற்றினாலும், பட்டியலைப் புதுப்பித்தவுடன் கணக்கு தானே சரியாகிவிடும்.

என் கருத்தைச் சுருங்கச் சொன்னால் இதுதான். நடந்து முடிந்ததைப் பொது நேரத்தில் எழுதுக. கூடவே நடந்த இடத்தின் மண்டலப் பெயரையும் எழுதுக. இனி நடக்கவிருப்பதை அவ்வூர்க் கடிகார நேரத்திலும் மண்டலப் பெயரிலும் எழுதுக. பிறந்த நாளைத் தேதியாக மட்டும் எழுதுக. அதற்கு மண்டலம் வேண்டா. கைப்பேசி காட்டும் இடத்தைக் கொண்டு மண்டலத்தை ஊகிக்கலாம். ஆனால் அதுதான் சரியா என்று உரியவரை ஒரு வார்த்தை கேட்டுக்கொள்க. மென்பொருள் வைக்கும் பெயரை நம்பியும் ஏமாற வேண்டா. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் ‘நேர மண்டலத்துடன் கூடிய நேரம்’ என்றே ஒரு வகை உண்டு. ஆனால் அது நேரத்தைப் பொது நேரமாக மாற்றிக்கொண்டு, நாம் கொடுத்த மண்டலத்தை விட்டுவிடுகிறது! மண்டலத்துக்கு நாமே தனிக் கட்டம் அமைக்க வேண்டும்.

வள்ளுவர் காலமறிதலுக்குத் தனி அதிகாரமே வகுத்தார். நம் ஆய்வகப் பயிற்சியிலோ மாணவர் பெயரும் மதிப்பெண்ணும் கொண்ட அட்டவணையைத்தான் ஆண்டுதோறும் அமைக்கிறோம். நம் ஆசிரியப் பெருமக்கள், நள்ளிரவு தாண்டும் ஷிப்டையும் இரு நாட்டுத் தொழிலாளரையும் கொண்ட வருகைப் பதிவேடு ஒன்றைப் பயிற்சியாகத் தர வேண்டுமெனப் பணிவுடன் வேண்டுகிறேன். நம்மில் பலர் நாளை எல்லை தாண்டிப் பெங்களூரில் இத்தகைய நிரல்களை எழுதப் போகிறவர்கள். நாம் எழுதும் நிரலுக்கு விரல் நீட்டப் போகிறவர்கள் நம் வீட்டு அக்காமார்களும் அண்ணன்மார்களுமே.

இன்றும் வேன் சில நாள் 5.20க்கு வருகிறது. அந்த நாட்களில் அக்கா உடனே விரல் வைப்பதில்லை. கைப்பேசியில் 5.31 ஆகும்வரை வாயிலுக்கு வெளியே பனியில் நிற்கிறாள். “சரி பண்ணிட்டாங்கக்கா” என்று சொல்லிப் பார்த்துவிட்டேன். “இருக்கட்டும்டா, எதுக்கு வம்பு” என்கிறாள். ஒரு கட்டம் விட்டுப்போனதால் போன நம்பிக்கை, கூலி திரும்பி வந்ததும் திரும்பி வந்துவிடவில்லை. நம் நிரலால் இன்னொருவருக்கு அந்த நிலை வராமல் பார்த்துக்கொள்வோமாக!