'நார்மல்' என்று அச்சிட்ட தாள்

பரிசோதனைக் கூடம் தரும் தாளில் ஓர் எண்ணுக்கு எதிரே தடித்த எழுத்தோ நட்சத்திரக் குறியோ இல்லாவிட்டால் உடலில் குறையில்லை என்றும், குறி இருந்தால் அந்த எண்ணை உயர்த்தும் மாத்திரையே மருந்து என்றும் கொள்ளும் நம்பிக்கை இன்று நகரங்களைத் தாண்டிக் கிராமங்களிலும் வேரூன்றிவிட்டது. காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூர் வட்டத்துச் சாலவாக்கம் போன்ற ஊர்களில், காலையில் கொடுத்த ரத்தத்தின் முடிவு மாலைக்குள் கைப்பேசிக்கு வந்து சேரும் வசதி பெருகிய அளவுக்கு, அந்த முடிவை உட்கார்ந்து விளக்கிச் சொல்லும் ஏற்பாடு பெருகவில்லை. அதனால் தாளே தீர்ப்பாகிவிடுகிறது. எவருக்கும் பொருந்தாத இந்த நம்பிக்கை, தைராய்டு சுரப்பு குறைந்தவர்களுக்கு நேரடியாகத் தீங்கு செய்கிறது.

'நார்மல்' எல்லை என்பது எப்படி வகுக்கப்படுகிறது என்பதை அறிந்தாலே இந்த நம்பிக்கையின் அடித்தளம் ஆட்டம் காணும். நலமாக இருப்பதாகக் கருதப்பட்ட ஒரு கூட்டத்தாரின் ரத்தத்தை அளந்து, இரு ஓரங்களிலும் இரண்டரை விழுக்காட்டினரைக் கழித்து, நடுவில் நிற்கும் 95 விழுக்காட்டினரின் அளவையே எல்லையாக அச்சிடுவது பெரும்பாலான பரிசோதனைகளில் வழக்கம். அப்படியானால், குறையேதும் இல்லாத இருபது பேரில் ஒருவர் எல்லைக்கு வெளியே விழுவது இயல்பு. அதைவிட முக்கியமாக, அளக்கப்பட்ட கூட்டத்திலேயே சத்துக்குறை பரவியிருந்தால் அந்தக் குறையும் நலத்தின் கணக்கில் சேர்ந்து, கீழெல்லை தானாகத் தாழ்ந்துவிடும். 2019–21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையான பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை காணப்பட்டது. பாதிக்கு மேற்பட்டோர் குறைபட்டிருக்கும் ஒரு சமூகத்தில் 'எல்லோருக்கும் இருக்கிற அளவுதானே' என்ற ஆறுதலுக்கு மருத்துவப் பொருள் எதுவும் கிடையாது.

'ரத்தம் பன்னிரண்டு இருக்கிறது, பயமில்லை' என்ற பேச்சு இந்த நம்பிக்கையின் மிகப் பழகிய வடிவம். இங்கே ரத்தம் எனப்படுவது ஹீமோகுளோபின், அதாவது சிவப்பணுக்களுக்குள் இருந்து உயிர்வளியைச் சுமக்கும் இரும்புப் புரதம்; கருவுறாத பெண்களுக்கு ஒரு டெசிலிட்டருக்கு 12 கிராம் என்பது உலக சுகாதார நிறுவனம் வகுத்த வரம்பு. ஆனால் இரும்பு குறையும்போது ஹீமோகுளோபின் கடைசியாகத்தான் இறங்குகிறது. முதலில் தீர்வது ஃபெரிட்டின் என்னும் புரதத்தில் அடைத்து வைக்கப்பட்ட சேமிப்பு. அடுத்துக் குறைவது ரத்தத்தில் இரும்பை ஏற்றிச் செல்லும் டிரான்ஸ்ஃபெரினில் இரும்பு ஏறியிருக்கும் விழுக்காடு. குதிரில் நெல் தீர்ந்துபோன பின்னும் அடுக்களைப் பானையில் சில நாளைக்கு அரிசி இருப்பதைப் போன்றது இது. பானையை மட்டும் பார்க்கிறவருக்குப் பஞ்சம் தெரியாது. ஹீமோகுளோபின் 12.2 என்றும் ஃபெரிட்டின் 8 நானோகிராம் என்றும் ஒரு பெண்ணின் தாள் காட்டுவதாகக் கொண்டால், முதல் எண்ணை மட்டும் பார்த்து அனுப்பப்படும் அவருக்குப் படியேறினால் மூச்சு வாங்குவதும், கொத்துக் கொத்தாக முடி கொட்டுவதும், நடவு வயலில் குனிந்து நிமிர முடியாத அசதியும் அப்படியே தொடரும். ஃபெரிட்டினும் தனியே நின்று உண்மை சொல்லாது. காய்ச்சலும் உள்ளழற்சியும் அதை உயர்த்திக் காட்டும் என்பதால்தான், பெரியவர்களுக்கு 15க்குக் கீழே குறை என்று வரையறுத்த உலக சுகாதார நிறுவனம், தொற்றோ அழற்சியோ இருக்கும்போது 70க்குக் கீழேயே ஐயப்பட வேண்டும் என்கிறது. மழைக்காலக் காய்ச்சலில் படுத்து எழுந்த வாரத்தில் எடுத்த ஃபெரிட்டின் 50 என்று வந்தால், அது நிறைவின் அடையாளமாக இருக்க வேண்டியதில்லை.

தைராய்டு இந்தக் கணக்கில் பல இடங்களில் கைவைக்கிறது. சென்னை உள்ளிட்ட எட்டு இந்திய நகரங்களில் நடத்தப்பட்டு 2013இல் வெளியான ஆய்வில், பெரியவர்களில் ஏறத்தாழ 11 விழுக்காட்டினருக்குத் தைராய்டு சுரப்புக் குறை இருந்தது. ஆகவே இது அரிதான சிலரின் சிக்கலாக ஒதுக்கத் தக்கதன்று. சுரப்பு குறைந்தால் எலும்பு மஜ்ஜை மந்தமாகிச் சிவப்பணு உற்பத்தி தளர்கிறது. மாதவிலக்கில் போக்கு மிகுந்து இரும்பு வெளியேறுகிறது. தன் உடலையே தாக்கும் எதிர்ப்புச் சக்தியால் தைராய்டு கெட்டவர்களில் ஒரு பகுதியினருக்கு இரைப்பையும் அதே தாக்குதலுக்கு ஆளாகி, இரும்பும் பி12 வைட்டமினும் சரிவர உறிஞ்சப்படுவதில்லை. எதிர்த்திசையிலும் உறவு உண்டு: தைராய்டு ஹார்மோனை உருவாக்கும் பெராக்சிடேஸ் என்ற நொதிக்கு இரும்பு இன்றியமையாதது. மேற்கு ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்ட்டில், கழுத்துக் கழலையும் இரும்புக்குறையும் சேர்ந்திருந்த குழந்தைகளுக்கு இரும்பும் கொடுத்தபோதுதான் அயோடின் உப்பு நன்றாகப் பலனளித்தது என்று 2002இல் வெளியான ஆய்வு காட்டியது. அசதி தைராய்டாலா, இரும்பாலா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் கேள்வியே பலருக்குத் தவறான கேள்வி.

'நார்மல்' என்பது சில வேளை இரண்டு குறைகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டதன் விளைவாகவும் இருக்கும். சிவப்பணுவின் சராசரிப் பருமனைக் குறிக்கும் எம்.சி.வி. என்ற எண் 80 முதல் 100 வரை இருக்க வேண்டும் என்று தாள் சொல்லும். இரும்புக்குறை அணுக்களைச் சிறுக்கச் செய்யும். பி12 குறை பெருக்கச் செய்யும். இரண்டும் ஒருவரிடமே இருந்தால், சிறிய அணுக்களும் பெரிய அணுக்களும் கலந்து சராசரி 90இல் வந்து நிற்கலாம். அணுக்களின் பருமன் எவ்வளவு வேறுபடுகிறது என்பதைக் காட்டும் ஆர்.டி.டபிள்யூ. என்ற எண் உயர்ந்து இதைக் காட்டிக்கொடுக்கலாம். ஆனால் நோயாளி தேடிப் பார்ப்பது ஹீமோகுளோபின் வரியை மட்டுமே, அதற்கு அவரைக் குறை சொல்வதற்கும் இல்லை.

அரசு மருத்துவமனைகளிலும் துணை சுகாதார நிலையங்களிலும் வழங்கப்படும் சத்து மாத்திரையை இக்கட்டுரை எதிர்க்கவில்லை. 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் சேர்ந்த அந்த மாத்திரை, ஒவ்வொருவரையும் ஃபெரிட்டின் பார்த்துப் பிரிக்க முடியாத ஒரு நாட்டில் கர்ப்பிணிகளுக்கும் வளரிளம் பெண்களுக்கும் செய்யப்படும் நியாயமான ஏற்பாடு. எதிர்க்கத்தக்கது, 'மாத்திரைதானே, எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டால் வேலை முடிந்தது' என்ற வழக்கம். விடியற்காலையில் வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் தைராய்டு மாத்திரை, இரும்பு மாத்திரை, கால்சியம் மூன்றையும் உள்ளங்கையில் வைத்து டீயோடு விழுங்கும்போது, இரும்பும் கால்சியமும் தைராய்டு மாத்திரையின் மருந்தான தைராக்சினைக் குடலிலேயே பிணைத்து உடலுக்குள் போகவிடாமல் தடுத்துவிடுகின்றன. தைராக்சின் எடுத்துவந்த 14 பேருக்கு இரும்பு சல்ஃபேட்டும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்து 1992இல் வெளியிடப்பட்ட ஆய்வில், சுரப்பு குறையும்போது ஏறும் டி.எஸ்.எச். அளவு 12 வாரங்களில் சராசரியாக 1.6இலிருந்து 5.4க்கு ஏறியது. அப்படி ஏறிய எண்ணைக் கண்டு தைராக்சின் அளவு கூட்டப்பட்டவர்கள், பிறகு இரும்பு மாத்திரை நின்றதும் மருந்து மிஞ்சிப் படபடப்புக்கு ஆளாகக்கூடும். மாத்திரை விழுங்கும் நேரத்தைக் கேட்டிருந்தால் போதும் என்ற இடத்தில் புதுச் சீட்டு எழுதப்படுகிறது.

வைட்டமின் டியின் எல்லையோ வல்லுநர்களிடையிலேயே நிலைத்ததில்லை. 20 நானோகிராம் போதும் என்று ஒரு குழுவும், 30 வேண்டும் என்று 2011 முதல் அமெரிக்க நாளமில்லாச் சுரப்பியியல் சங்கமும் சொல்லிவந்தன. அச்சங்கம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டலில் 30 என்ற தன் வரம்பைக் கைவிட்டது. பல கூடங்களின் தாளில் அந்த 30 இன்னும் அச்சாகிக்கொண்டே இருக்கிறது. எல்லை மட்டுமல்ல, எண்ணே பொய்யாவதும் உண்டு: பயோட்டின் பரிசோதனை முடிவுகளைத் திரிக்கலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017இல் எச்சரித்திருக்கிறது; முடி உதிர்வுக்கென வாங்கும் பயோட்டின் மாத்திரை, சில கருவிகளில் டி.எஸ்.எச்.ஐக் குறைத்தும் தைராக்சினை உயர்த்தியும் பொய்யாகக் காட்டும். தைராய்டு குறைந்தவரை மிகுந்தவராகக் காட்டும் இந்தப் பிழைக்குத் தாளில் எந்தக் குறியும் இருக்காது.

ஆகவே மருத்துவரிடம் தாளை மட்டும் நீட்டுவது போதாது. ரத்தம் எடுத்த நாளும் நேரமும், அன்று காலை என்னென்ன மாத்திரை விழுங்கப்பட்டது என்பதும், முந்தைய இரண்டு வாரங்களில் காய்ச்சல் இருந்ததா என்பதும், மாதவிலக்கு எத்தனை நாள் நீடிக்கிறது என்பதும் அந்தத் தாளின் ஓரத்திலேயே தமிழில் எழுதப்பட்டிருக்க வேண்டும். பயோட்டினை இரண்டு நாள் முன்பே நிறுத்திவிட்டு ரத்தம் கொடுக்க வேண்டும். தைராய்டு மாத்திரையை எழுந்தவுடன் வெறும் வயிற்றில் தண்ணீரோடு விழுங்கி, டீக்கு முன் அரை மணி முதல் ஒரு மணி நேரம்வரை விட்டு, இரும்பையும் கால்சியத்தையும் அதற்கு நான்கு மணி நேரமாவது தள்ளி, கூடுமானால் அவற்றையும் ஒன்றோடொன்று சேர்க்காமல் எடுத்துக்கொண்டு, ஆறு வாரங்களுக்குப் பிறகு பார்க்கும் டி.எஸ்.எச். எண்ணை வைத்துத்தான் மருந்தின் அளவை மாற்றுவதா வேண்டாமா என்ற பேச்சைத் தொடங்க முடியும்.