அப்புறம் படிக்கலாம்!

உங்கள் பிரவுசரில் மொத்தம் எத்தனை புக்மார்க் இருக்கிறது? எண்ண வேண்டாம், பயந்துவிடுவீர்கள். அதில் போன ஒரு வருஷத்தில் திரும்பப் போய்த் திறந்தது எத்தனை? அதை எண்ணுங்கள். ஒரு கை விரல்கள் போதும்.

மிச்சமெல்லாம் 'அப்புறம் படிக்கலாம்' என்று வைத்தவை. சர்க்கரை நோய்க்கான சாப்பாட்டு அட்டவணை, பெண்ணின் மேல்படிப்புக்கு ஸ்காலர்ஷிப் விவரம், பட்டா மாற்றுவது எப்படி, முதுகுவலிக்கு ஆறு ஆசனங்கள்... அந்த நட்சத்திரத்தை ஒரு அமுக்கு அமுக்கியதும் விஷயம் மண்டைக்குள் ஏறிவிட்டது போல ஒரு திருப்தி. நோட்ஸை ஜெராக்ஸ் எடுத்துவிட்டாலே பாதி பாஸாகிவிட்டதாகத் தோன்றுமே, அதே திருப்தி. பரீட்சையன்றுதான் குட்டு வெளிப்படும்.

"ஒழுங்கா ஃபோல்டர் போட்டு வெச்சுக்கணும் சார்" என்று சிலர் அறிவுரை சொல்வார்கள். நம்பாதீர்கள். அந்தச் சாப்பாட்டு அட்டவணையை எந்த ஃபோல்டரில் போடுவீர்கள்? உடல்நலத்திலா, சமையலிலா, 'அம்மா' என்று ஒன்று வைத்திருக்கிறீர்களே, அதிலா? வைக்கிற அன்றைக்கு உடல்நலம் என்று தோன்றும். ஆறு மாதம் கழித்துத் தேடும்போது சமையல் என்று தோன்றும். வைத்த மனசு வேறு, தேடுகிற மனசு வேறு. இதில் ஃபோல்டருக்குள் ஃபோல்டர், அதற்குள் இன்னொன்று என்று போய், கடைசியில் 'இதர' என்று ஒரு குப்பைத்தொட்டி. முக்கால்வாசி அங்கேதான் கிடக்கும்.

இந்தத் தலைவலியைக் கம்ப்யூட்டர் வருவதற்கு முன்பே புரிந்துகொண்டவர் நம்ம சீர்காழிக்காரர் எஸ்.ஆர்.ரங்கநாதன். 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் போனவர். 1933-ல் வெளியிட்ட 'கோலன்' பகுப்பு முறையில், ஒரு புத்தகத்தை ஒரே பெட்டிக்குள் தள்ளிவிடாமல், எதைப் பற்றியது, அதில் என்ன நடக்கிறது, எந்த இடம், எந்தக் காலம் என்று பல முகங்களாகப் பிரித்துச் சேர்த்து எண் கொடுத்தார். இன்றைக்கு 'டேக்' என்கிறோமே, அதற்குத் தாத்தா இது. அதற்கும் முன்னால், 1931-ல் அவர் எழுதிய நூலகவியல் ஐந்து விதிகளில் நாலாவது விதி: வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து.

இந்த நாலாவது விதியை பிரவுசர் செய்கிறவர்கள் யாரும் படித்ததாகத் தெரியவில்லை. 1993-ல் மொசைக் 'ஹாட்லிஸ்ட்' என்றது, 1994-ல் நெட்ஸ்கேப் 'புக்மார்க்' என்றது. முப்பது வருஷம் தாண்டியும் அது சேமிப்பது என்ன? பெரும்பாலும் பக்கத்தின் தலைப்பு, முகவரி, தேதி. தீர்ந்தது. உள்ளே என்ன எழுதியிருந்தது என்று புக்மார்க்குக்குத் தெரியாது. தலைப்பில் 'முகப்பு' என்று மட்டும் இருந்தால், 'சர்க்கரை' என்று நீங்கள் எத்தனை முறை தேடினாலும் கிடைக்காது.

முக்கியமாக, ஏன் வைத்தோம் என்று எழுதப் பெரும்பாலான பிரவுசர்களில் இடமில்லை. ஃபயர்ஃபாக்ஸில் குறிப்பு எழுத ஒரு சின்னக் கட்டம் இருந்தது. 2018-ல் அதையும் எடுத்துவிட்டார்கள். கேட்டால், யாரும் உபயோகிப்பதில்லை என்பார்கள். வாசலில் இருந்த திண்ணையை மறைவாகக் கட்டிவிட்டு, யாரும் உட்காரவில்லை என்று இடிப்பது போல!

சரி, பிரவுசர் வேண்டாம், நாங்கள் பத்திரமாக வைத்துக்கொள்கிறோம் என்று வந்தவர்களின் கதை இன்னும் அழகு. 2003-ல் டெலிஷியஸ் வந்தது. டேக் போட்டு வைக்கிற பழக்கத்தை உலகத்துக்கே சொல்லிக்கொடுத்தது. 2005-ல் யாஹூ வாங்கியது, 2011-ல் விற்றது, அப்புறம் கை மாறி மாறி, 2017-ல் பின்போர்டு வாங்கி, பார்க்கலாம் ஆனால் புதிதாகச் சேர்க்க முடியாது என்று உறைய வைத்தது. கூகுள் புக்மார்க்ஸ் 2005-ல் பிறந்து 2021 செப்டம்பரோடு மறைந்தது. 2007-ல் 'ரீட் இட் லேட்டர்' என்று பிறந்து 'பாக்கெட்' என்று பேர் மாற்றிக்கொண்டதை, 2017-ல் மொஸில்லா வாங்கி, 2025 ஜூலையில் மூடிவிட்டது.

நியாயமாகச் சொன்னால், கூகுளும் மொஸில்லாவும் முன்கூட்டியே அறிவித்து, இறக்கிக்கொள்ள அவகாசமும் கொடுத்தார்கள். அந்த மெயிலை நம்மில் எத்தனை பேர் படித்திருப்போம்? அதையும் 'அப்புறம் படிக்கலாம்' என்றுதான் வைத்திருப்போம்.

முகவரி பத்திரமாக இருந்தாலும் வீடு இருக்க வேண்டுமே? அமெரிக்காவின் ப்யூ ஆய்வு மையம் 2024-ல் சொன்ன கணக்கு: 2013-ல் இருந்த வலைப்பக்கங்களில் 38 சதவீதம் பத்து வருஷத்தில் காணாமல் போய்விட்டன. 2009-ல் ஜியோசிட்டீஸ் மூடப்பட்டபோது அதிலிருந்த தமிழ்ப் பக்கங்களும் சேர்ந்து போயின. யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் எழுதப்பட்டு, உயிரோடு இருக்கிற சில பழைய தமிழ்ப் பக்கங்களைத் திறந்தாலோ, கரப்பான்பூச்சி மையில் நடந்த மாதிரி இருக்கிறது. புக்மார்க் என்பது வழிகாட்டிப் பலகை. பலகையைக் கட்டிக்கொண்டு தூங்கினால் ஊர் வந்து சேராது.

என்னதான் செய்வது? நான்கே காரியம்.

ஒன்று: புக்மார்க் போடும்போது தலைப்பை அழித்துவிட்டு உங்கள் பாஷையில் எழுதுங்கள். 'அம்மா சர்க்கரை, காலை டிபன், கேழ்வரகு' என்று. தேடும்போது உங்கள் வாயில் வரப்போகிற வார்த்தைகள் அவைதான். குறிப்புக் கட்டம் பறிபோனால் என்ன, தலைப்பு நம் கையில் இருக்கிறது. எழுதுவதற்கு ஒன்றும் தோன்றவில்லையா? அந்தப் பக்கம் உங்களுக்குத் தேவையில்லை. விடுங்கள்.

இரண்டு: தேடத் தெரிந்துகொள்ளுங்கள். ஃபயர்ஃபாக்ஸ் முகவரிப் பட்டையில் ஒரு நட்சத்திரக் குறி, ஒரு இடைவெளி, பிறகு வார்த்தை. புக்மார்க்கில் மட்டும் தேடும்.

மூன்று: நிஜமாகவே முக்கியமானதை, அதாவது காணாமல் போனால் வயிறு எரியும் என்பதை, பி.டி.எஃப். ஆக்கி உங்கள் கம்ப்யூட்டரில் வையுங்கள். இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினிலும் முகவரியைக் கொடுத்து ஒரு பிரதி எடுக்கச் சொல்லுங்கள். அதை மட்டுமே நம்பவும் வேண்டாம்.

நான்கு: மாதம் ஒரு முறை எல்லா புக்மார்க்கையும் ஒரே ஃபைலாக ஏற்றுமதி செய்து வையுங்கள். பெரும்பாலான பிரவுசர்களில் இந்த வசதி இருக்கிறது. நெட்ஸ்கேப் காலத்து வடிவம்தான். நெட்ஸ்கேப் போய்விட்டது, அதன் ஃபைல் இன்னும் திறக்கிறது!

இதெல்லாம் செய்ய நேரமில்லை என்கிறீர்களா? அப்படியானால் மொத்தத்தையும் அழித்துவிடுங்கள். படிக்காத ஆயிரம் பக்கங்களைக் கையில் வைத்துக்கொண்டு, தெரிந்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருப்பதைவிட, தெரியாது என்று தெரிந்துகொள்வது எவ்வளவோ மேல். தெரியாதவனாவது தேடுவான்.